உண்மை பேசியவர்களை இறக்கிவிட்ட பந்தயம்

டூர் டி பிரான்ஸ், 1998: ஊக்கமருந்தில் மூழ்கிய மூன்று வாரங்களும், அதற்குப் பிறகு சிலர் கொடுத்த விலையும்

1998 ஜூலை 8. பொழுது புலர்கிற நேரம். பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குள் நுழையும் ஒரு சின்னச் சாலையில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் சின்னம் ஒட்டிய ஃபியட் கார் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஓட்டி வருபவர் வில்லி வூட். ஃபெஸ்டினா சைக்கிள் அணியின் ஊழியர், பெல்ஜியக்காரர். நெடுஞ்சாலையில் சோதனை இருக்கும் என்று குறுக்குவழியைப் பிடித்திருக்கிறார். நூவில்-அன்-ஃபெரான் என்ற எல்லையோர ஊரில் அந்தக் குறுக்குவழியிலும் சுங்க அதிகாரிகள் நிற்கிறார்கள்.

காரில் இருந்த குளிர்ப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஈ.பி.ஓ. என்ற ரத்த ஹார்மோன் மட்டுமே 230 டோஸுக்கு மேல். வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டீரோன், ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரைகள் என்று எல்லாம் சேர்த்து 400-ஐத் தாண்டியது. இத்தனையும் தன் சொந்த உபயோகத்துக்கு என்றார் வூட். முப்பது வருடம் இந்தத் தொழிலில் ஊறிய மனிதர், முதலில் செய்தது தன் வீரர்களைக் காப்பாற்றப் பார்த்ததுதான்.

மூன்று நாள் கழித்து அயர்லாந்தின் டப்ளின் நகரில் பந்தயம் தொடங்கியது. மறுநாள் பாரிசை ஒட்டி உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டி. பிரேசிலை 3-0 என்று வீழ்த்தி பிரான்ஸ் கோப்பையைத் தூக்கியது. நாடே வீதியில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லையில் பிடிபட்ட ஒரு காரைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை. பந்தயம் பிரான்ஸ் மண்ணுக்குத் திரும்பியபோது போலீஸ் காத்திருந்தது.

கால் பிடித்துவிடும் மனிதர்

1903-இல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய பந்தயம் இது. இப்போது மூன்று வாரம், இருபத்தொரு கட்டங்கள். ஆல்ப்ஸும் பிரனீஸும் குறுக்கே நிற்கும். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைவாக எடுத்தவருக்கு மஞ்சள் சட்டை. சாலையோரம் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு தாத்தாவும் பேத்தியும் பார்க்கிற விளையாட்டு. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது தங்கள் ஊர்த் திருவிழா மாதிரி.

அந்த உலகத்தில் வூட் செய்த வேலைக்கு 'சுவானியர்' என்று பெயர். பராமரிப்பவர் என்று பொருள். வீரரின் காலைப் பிடித்துவிடுவார், சாப்பாட்டுப் பையைச் சாலையோரம் நின்று நீட்டுவார், தண்ணீர்க் குப்பியை நிரப்புவார், துணியைத் துவைக்கக் கொடுப்பார். மாலையில் வீரன் சோர்ந்து படுக்கும்போது அவன் மனதில் உள்ளதை எல்லாம் கேட்பவரும் அவரே. வீரனின் உடம்பு ரகசியம் அணித் தலைமைக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியும். மருந்து வாங்கி வருவதும், யாருக்கு எவ்வளவு போட்டோம் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பதும் அந்த வேலையோடு எப்போதோ ஒட்டிக்கொண்டன.

சிறையில் சில நாள் கழிந்ததும் வூட் வாயைத் திறந்தார். அணியின் மேலாளர் புருனோ ரூசெலும் மருத்துவர் எரிக் ரைக்கார்ட்டும் கைதானார்கள். அணியில் ஊக்கமருந்து திட்டமிட்டு, மருத்துவக் கண்காணிப்போடு கொடுக்கப்பட்டதை ரூசெல் ஒப்புக்கொண்டார். அதற்கான செலவுக்கு வீரர்களின் பரிசுப் பணத்திலிருந்தே பிடித்தம் செய்திருக்கிறார்கள். ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களின் சம்பளத்தில் சேமநிதி பிடிப்பதுபோல ஊசிக்குப் பணம் பிடித்த அணி அது. ஜூலை 17 இரவு ஃபெஸ்டினா பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டது.

மறுநாள் கொரேஸ் பகுதியில் ஒரு சின்ன காபிக் கடையின் உள்ளறையில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார் அணியின் நட்சத்திரம் ரிஷார் விராங்க். மலையேற்ற ராஜாவுக்கான புள்ளிச் சட்டையை அதற்கு முன் நான்கு வருடம் தொடர்ந்து வென்றவர். பிரெஞ்சுப் பெண்களும் பிள்ளைகளும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட செல்லப்பிள்ளை. அழுதுகொண்டே விடைபெற்றார். நாடும் சேர்ந்து கலங்கியது. அந்தக் கண்ணீர் எதற்காக என்று தெரிய நாட்டுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

---

பெட்டிச் செய்தி: ஈ.பி.ஓ. என்ன செய்யும்?

எரித்ரோபொயட்டின் என்பது நம் சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடுவது இதுதான். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தசோகை வராமலிருக்கச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆரோக்கியமான வீரன் அதைப் போட்டுக்கொண்டால் சிவப்பணு கூடும், தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும். மலையில் மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது இவன் இன்னும் மிதிப்பான். அளவு மீறினால் ரத்தம் கூழாகும், இதயம் திணறும். ராத்திரியில் எழுந்து உடற்பயிற்சி செய்து ரத்தத்தை ஓடவைத்த வீரர்களைப் பற்றி இந்தத் துறையில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

1998-இல் இதைக் கண்டுபிடிக்கும் சோதனையே கிடையாது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1997-இல் ஒரு வரம்பு மட்டும் வைத்தார்கள். காலையில் சோதனைக்காரர் கதவைத் தட்டுவதற்கு முன் உப்புநீர் ஏற்றி அளவைக் குறைத்துக்கொள்ள அணிகள் கற்றுக்கொண்டன.

---

சாலையில் உட்கார்ந்த வீரர்கள்

விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தவர் மரி-ஜார்ஜ் பூஃபே, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். இது விளையாட்டுச் சங்கங்களின் உள்வீட்டு விவகாரம் என்று அவர் ஒதுங்கவில்லை. ஹோட்டல் அறைகளில், லாரிகளில், குப்பைத் தொட்டிகளில் போலீஸ் தேடியது. ஃபெஸ்டினா வீரர்களை லியோன் நகரில் காவலில் வைத்து விசாரித்தார்கள். ஆடையைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள். சுவிஸ் வீரர் அலெக்ஸ் சூலே உள்படப் பலர் ஒப்புக்கொண்டார்கள். விராங்க் மறுத்தார்.

ஜூலை 24 அன்று தாரஸ்கோன்-சுர்-ஆரியேஜ் ஊரில் வீரர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களை ஆடுமாடு மாதிரி நடத்துகிறீர்கள் என்று மற்றவர்கள் சார்பில் கோபப்பட்டவர் லோரான் ஜலபேர். ஐந்து நாள் கழித்து, டி.வி.எம். அணியின் விடுதியில் போலீஸ் புகுந்ததைக் கண்டித்து, ஏ-லே-பான் நகருக்குப் போகும் வழியில் இரண்டு முறை நின்றார்கள். சட்டையிலிருந்த எண்களைப் பிய்த்து எறிந்தார்கள். ஸ்பெயின் நாட்டு அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. மிஞ்சியவர்கள் ஊர்வலம் போல மெதுவாக ஓட்டி வந்தார்கள். டி.வி.எம். வீரர்களை முன்னால் விட்டு, அவர்கள் கைகோத்தபடி கோட்டைத் தாண்டினார்கள். அந்த நாள் கணக்கிலேயே சேரவில்லை.

காவலில் அவர்களை நடத்திய விதத்தில் கடுமை இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்த மறியல் எனக்கு உறுத்துகிறது. தங்கள் ரத்தத்தைக் கெடுத்த மருத்துவர்களுக்கு எதிராக, மேலாளர்களுக்கு எதிராக ஒரு நாளாவது இவர்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்களா? கதவைத் தட்டியவர்கள் மீதுதான் அத்தனை கோபமும் திரும்பியது.

டப்ளினில் கிளம்பியவர்கள் 189 பேர். பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 96 பேர். 21 அணிகளில் ஏழு வெளியேறின.

மழையில் வந்த மீட்பர்

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஜூலை 27 அன்று ஆல்ப்ஸ் மலையில் குளிரும் மழையும் கொட்டியது. 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே கணவாயின் ஏற்றத்தில் ஒரு சிறிய உருவம் கூட்டத்தை உதறிவிட்டுத் தனியாகக் கிளம்பியது. மொட்டைத் தலையும் தாடியுமாக இருக்கும் மார்கோ பன்டானி. 'கடற்கொள்ளைக்காரன்' என்று இத்தாலியர்கள் ஆசையாகக் கூப்பிட்டவர். முந்தைய ஆண்டின் வெற்றியாளர் யான் உல்ரிச், லே தூ ஆல்ப்ஸ் உச்சிக்கு வந்து சேர்ந்தது அவருக்குக் கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் பின்னால். மஞ்சள் சட்டை அன்றைக்கே கைமாறியது. அதே வருடம் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தையும் வென்றிருந்த பன்டானி, இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். அடுத்து ஒருவர் அதைச் செய்ய 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போலீஸ் செய்தியாகவே இருந்த பந்தயத்தைத் திரும்பவும் விளையாட்டுச் செய்தியாக்கியவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். பந்தயத்தின் மானத்தைக் காப்பாற்றிய மாவீரன் என்றார்கள்.

பத்தே மாதம். 1999 ஜூன் 5 காலை, ஜீரோ முடிய இரண்டே கட்டங்கள்தான் பாக்கி, வெற்றி கைக்குள் இருந்தது. மடோனா டி கம்பீலியோ என்ற மலை ஊரில் எடுத்த ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 52 சதவீதம். பந்தயத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். அதன்பின் அவர் பழைய பன்டானி ஆகவே இல்லை. நீதிமன்றம், மனச்சோர்வு, கோகெய்ன். 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினி நகரின் ஒரு விடுதி அறையில் தனியாக இறந்து கிடந்தார். வயது 34.

அவரைக் கைதட்டி மேலே ஏற்றியவர்கள் எல்லோருக்கும் அந்தக் காலத்துச் சைக்கிள் பந்தயத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும். பிடிபட்டதும் அவர் ஒருவர்தான் பாவி என்பதுபோல நகர்ந்துகொண்டார்கள். அந்த மரணத்தில் எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான்.

---

பெட்டிச் செய்தி: வென்றவர்கள் பட்டியலைத் திருப்பிப் பார்த்தால்

1996: பியார்னே ரீஸ். ஈ.பி.ஓ. போட்டுக்கொண்டதாக 2007-இல் ஒப்புக்கொண்டார். 'அறுபது சதவீதக்காரர்' என்பது அவருக்குச் சக வீரர்கள் வைத்த பட்டப்பெயர்.

1997: யான் உல்ரிச். ஸ்பெயின் மருத்துவர் ஃபுயென்டஸ் மூலம் ரத்த ஊக்கம் எடுத்ததை 2013-இல் ஒப்புக்கொண்டார்.

1998: பன்டானி, உல்ரிச், பாபி ஜூலிச் என்பது முதல் மூன்று இடம். அந்த ஆண்டின் பழைய மாதிரிகளை 2004-இல் மறுபடி சோதித்ததில் முதல் இருவரிடம் ஈ.பி.ஓ. தெரிந்தது. பிரெஞ்சு செனட் குழு 2013-இல் அதை வெளியிட்டது. ஜூலிச் 2012-இலேயே தானாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

1999 முதல் 2005 வரை: லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். ஏழு பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. யாருக்கும் மாற்றித் தரப்படவில்லை.

2006: ஃபிளாய்ட் லாண்டிஸ். பட்டம் பறிக்கப்பட்டு ஆஸ்கர் பெரேரோவுக்குப் போனது.

2010: அல்பர்ட்டோ கொன்டடோர். பட்டம் பறிக்கப்பட்டு ஆண்டி ஷ்லெக்குக்குப் போனது.

---

நீதிமன்றத்தில் ஒரு 'ஆம்'

2000 அக்டோபரில் லீல் நகர நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. முதல் நாளும் விராங்க் மறுத்தார். மறுநாள் நீதிபதி நேராகக் கேட்டபோது, ஆம் என்றார். அதற்குள் ஒரு தொலைக்காட்சிப் பொம்மலாட்ட நிகழ்ச்சி, 'முழு மனதோடு எனக்கே தெரியாமல்' மருந்து எடுத்ததாகச் சொல்லும் ஆளாக அவரை ஆக்கிவிட்டிருந்தது. அந்த வாசகம் பிரெஞ்சுப் பேச்சுவழக்கிலேயே நிலைத்துவிட்டது.

தீர்ப்பு வந்தது. மேலாளர் ரூசெலுக்கு நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனை, 50,000 பிராங்க் அபராதம். வூட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்ட பத்து மாதம், அபராதமும். விராங்குக்கு விடுதலை, விளையாட்டுச் சங்கத்தின் தடை மட்டும் சில மாதங்கள். திரும்பி வந்து 2002-இல் மோன் வான்டூ மலையில் வென்றார். புள்ளிச் சட்டையை மொத்தம் ஏழு முறை வாங்கியவர் என்ற பெருமையோடு 2004-இல் ஓய்வு பெற்றார். சாலையோரக் கூட்டம் கடைசிவரை அவர் பெயரைக் கூவியது. பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர் ஆனார். மறியலில் முன்நின்ற ஜலபேரும் அப்படியே. செனட் குழு விவகாரம் கிளம்பியபோதுதான் 2013-இல் மைக்கை வைத்துவிட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார்.

வில்லி வூட்? நடந்ததை எல்லாம் புத்தகமாக எழுதினார். சைக்கிள் உலகம் அவரைத் திரும்ப உள்ளே விடவில்லை. பேருந்து ஓட்டிப் பிழைத்தார்.

வூட் நிரபராதி என்று யாரும் சொல்ல முடியாது. ஊசியை ஏற்றியது அவர் கை. ஆனால் அவர் கையில் ஊசியைக் கொடுத்த உலகம், அதைப் போட்டுக்கொண்டவனை மன்னித்தது, சொன்னவனை மன்னிக்கவில்லை. இந்தக் கதையில் அடுத்தடுத்து வரும் மனிதர்களுக்கும் அதே கதிதான்.

வாய் திறந்தால்

சைக்கிள் பந்தயக்காரர்களிடம் 'ஒமெர்த்தா' என்ற சொல் புழங்கும். மாஃபியாக் கூட்டத்தின் மௌன விரதத்துக்கு இத்தாலியில் உள்ள பெயர். ஊரோடு ஒத்து வாழ் என்பது நல்ல புத்திமதி. ஊரே ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அது என்ன ஆகும் என்பதற்கு ஃபிலிப்போ சிமியோனி சாட்சி.

இத்தாலியின் மருத்துவர் மிக்கேலே ஃபெராரி தனக்கு ஈ.பி.ஓ. பற்றி ஆலோசனை சொன்னதாக சிமியோனி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருந்தார். ஃபெராரி, ஆர்ம்ஸ்ட்ராங்கின் மருத்துவரும்கூட. 2004 ஜூலை 23, பந்தயத்தின் 18-ஆம் கட்டம். முன்னால் போய்க்கொண்டிருந்த சிறு குழுவோடு சேரப் புறப்பட்டார் சிமியோனி. அவரால் மொத்தப் பட்டியலில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் மஞ்சள் சட்டை போட்டிருந்த ஆர்ம்ஸ்ட்ராங் தானே பின்தொடர்ந்து வந்து ஒட்டிக்கொண்டார். மஞ்சள் சட்டைக்காரர் இருந்தால் பின்னாலுள்ள அணிகள் முன்குழுவை விடாது துரத்தும். வேறு வழியில்லாமல் சிமியோனி கூட்டத்துக்குத் திரும்பினார். திரும்பி வரும்போது கேமராவைப் பார்த்து, வாயில் ஜிப் இழுத்து மூடுவதுபோல சைகை காட்டினார் ஆர்ம்ஸ்ட்ராங். கூட்டத்தில் இருந்த வீரர்கள் சிமியோனியைத்தான் ஏசினார்கள்.

எம்மா ஓ'ரைலி, ஆர்ம்ஸ்ட்ராங்கின் அணியில் வூட் செய்த அதே வேலையைச் செய்த ஐரிஷ் பெண். 1999 பந்தயத்தில் ஸ்டீராய்டு தெரிந்தபோது, முன்தேதியிட்ட மருந்துச்சீட்டு தயார் செய்து தப்பியதைச் சொன்னார். ஊசித் தடத்தை மறைக்க ஆர்ம்ஸ்ட்ராங் தன்னிடம் மேக்கப் கேட்டதையும் சொன்னார். 2004-இல் வந்த ஒரு புத்தகத்தில் அவர் வாக்குமூலம் இடம்பெற்றதும் வழக்கு பாய்ந்தது. அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியும் பேசினார்கள். எட்டு வருடம் கழித்து, அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அறிக்கையில் அவர் சொன்னது சாட்சியமாக ஏறியது. அந்த எட்டு வருடத்தை அவருக்கு யார் திருப்பித் தருவது?

மாறியது என்ன?

மாற்றம் வரவே இல்லை என்று சொன்னால் தவறு. எல்லையில் நின்ற அந்த ஃபியட் கார் இல்லாவிட்டால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அத்தனை சீக்கிரம் பிறந்திருக்காது. 1999 பிப்ரவரியில் லோசான் நகரில் மாநாடு கூடியது, அதே ஆண்டு நவம்பரில் முகமை உருவானது. மருந்து விற்பவர்களுக்கு எதிரான சட்டத்தைப் பிரான்ஸ் கடுமையாக்கியது. ஈ.பி.ஓ.வைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும் முறையைப் பாரிசுக்கு அருகில் ஷாத்தனே-மலாப்ரி ஆய்வுக்கூடம் உருவாக்கியது, அது 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. 2008 முதல் ஒவ்வொரு வீரனின் ரத்த அளவுகளையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்து, திடீர் மாற்றம் வந்தால் கேள்வி கேட்கும் 'உயிரியல் கடவுச்சீட்டு' முறை வந்தது.

ஆனாலும் பெரிய முடிச்சுகளை அவிழ்த்தது ஆய்வுக்கூடம் அல்ல. ஆர்ம்ஸ்ட்ராங் நூற்றுக்கணக்கான சோதனைகளைக் கடந்தவர். அவரை வீழ்த்தியது, சத்தியப் பிரமாணம் செய்து பேசிய சக வீரர்களும் ஊழியர்களும். சோதனைக் குழாய் எத்தனை நுட்பமானாலும், பேசத் துணிகிற மனிதருக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் அது பாதி வேலைதான் செய்யும். அந்தப் பாதுகாப்புக்காக விளையாட்டு உலகம் செலவழித்தது மிகமிகக் குறைவு.

மருந்து தொடாத ஒருவர்

ஃபெஸ்டினா அணியில் கிறிஸ்டோஃப் பாசோன் என்று ஓர் இளைஞர் இருந்தார். 1998 பந்தயத்துக்கான ஒன்பது பேரில் அவர் இல்லை. விசாரணையில் அணிக்காரர்கள் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, மருந்து தொடாத ஆள் இவர் என்று அவர்களே சொன்னார்கள். 'சுத்தக்காரர்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

அடுத்த ஆண்டு, 1999. இதைப் புதுப்பிறப்புப் பந்தயம் என்று அறிவித்தார்கள். பாசோன் வேறு அணியில் இடம்பிடித்துப் பந்தயத்துக்கு வந்தார். ஒரு பாரிஸ் நாளிதழில் தினமும் பத்தி எழுதினார். மருந்து ஒழிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், வேகம் மட்டும் குறையவில்லையே என்ற அவருடைய வியப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. அவர் நியாயமாகத்தான் வியந்தார். பந்தய வரலாற்றிலேயே முதல் முறையாகச் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிய ஆண்டு அது.

கூட்டத்தில் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஜூலை 14, பிரான்சின் தேசிய நாள். ஆல்ப் துயேஸ் மலைக்குப் போகும் வழியில் மஞ்சள் சட்டையோடு ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்தார். நீ பேசுவது சைக்கிள் விளையாட்டுக்கு நல்லதல்ல, வீட்டுக்குப் போய்விடு என்ற பொருளில் சொன்னார். அப்படிச் சொன்னதை ஆர்ம்ஸ்ட்ராங் தொலைக்காட்சியில் மறைக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, காலையில் பாசோன் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். சில வருடத்தில் பந்தய வாழ்க்கையே முடிந்தது. பிரெஞ்சு அரசின் விளையாட்டுத் துறையில் சேர்ந்து ஊக்கமருந்துத் தடுப்புப் பணி செய்தார். 2013-இல் பாரிசில் ஒரு பத்திரிகை ஏற்பாடு செய்த சந்திப்பில் ஆர்ம்ஸ்ட்ராங் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பாசோன் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

1999-ஆம் ஆண்டுப் பந்தயத்தின் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் முதல் இடம் காலியாக இருக்கிறது. இரண்டாம் இடத்தில் அலெக்ஸ் சூலே, ஃபெஸ்டினா அணியில் ஒப்புக்கொண்டு தடை முடித்துத் திரும்பியவர். கீழே, பாதியில் வெளியேறியவர்களின் வரிசையில் கிறிஸ்டோஃப் பாசோன் பெயர் அப்படியே இருக்கிறது: விலகினார், 12-ஆம் கட்டம்.